காளவாயிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு: பவளத்தின் நிறம் பற்றிய ஒரு வரலாறு

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்போர் தமக்குள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: நிறத்தை எப்படிக் கூட்டுவது? வாங்கிய நாளில் ஊதாவும் பச்சையுமாக ஒளிர்ந்த கிளை சில வாரங்களில் பழுப்பாகிவிடுகிறது. சிலர் தொட்டியில் அது வெளிறிப்போகிறது. விளக்கை மாற்றுகிறார்கள், நீரைச் சோதிக்கிறார்கள், உப்பை மாற்றுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பொழுதுபோக்கின் உள்விவகாரமாகத் தோன்றும். சொற்களின் வணிக வரலாற்றைப் படிக்கும் எனக்கு இக்கேள்வி ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையதாகப் படுகிறது.

இப்பதிவின் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் நிலம் இரண்டு பவளங்களை அறிந்திருந்தது. ஒன்று வணிகத்தில் வந்த சிவப்பு நகைப்பொருள். மற்றொன்று நம் கரைக்கடலில் உயிரோடு வளர்ந்த பாறை. பவளம் என்ற பெயரும் அதனோடு ஒட்டிய நிற ஆசையும் முதலாவதற்குரியவை. இரண்டாவதை நாம் கல் என்று கருதினோம், கல்லாகவே பயன்படுத்தினோம். பாறைப் பவளத்தின் நிறம் அதன் உயிரின் நிலையைக் காட்டும் குறி என்பதை அறிவியல் கண்டறிந்தது மிகப் பிந்தித்தான். அந்த அறிதலில் கடலாய்வுக் கலங்களுக்கு இருந்ததைப் போலவே கண்ணாடித் தொட்டிகளுக்கும் பங்கு இருந்தது.

1. துகிர் வந்த வழி

சங்க இலக்கியம் பவளத்தைத் துகிர் என்கிறது. புறநானூற்றின் 218ஆம் பாடலில் பொன், துகிர், முத்து, மணி ஆகியவை ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் பிறந்தாலும் ஓர் அணிகலனில் ஒன்றுசேர்வது சான்றோர் நட்புக்கு உவமையாகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த சரக்குகளை எண்ணும்போது முத்தைத் தென்கடலுக்கும் துகிரைக் கீழ்க்கடலுக்கும் உரியதாக்குகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிக நூலான 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' வேறு திசையைக் காட்டுகிறது. முசிறிக்கும் நெல்கிந்தைக்கும் மேற்கிலிருந்து வந்த பொருள்களின் பட்டியலில் பவளம் இடம்பெறுகிறது. உரோமப் பெண்கள் இந்திய முத்தை எவ்வளவு விரும்புகிறார்களோ அவ்வளவு இந்தியர் பவளத்தை விரும்புகிறார்கள் என்று எழுதிய பிளினி, ஏற்றுமதி மிகுந்ததால் விளையும் இடத்திலேயே பவளம் அரிதாகிவிட்டதாகவும் குறிக்கிறார். திசையில் வேறுபட்டாலும் இச்சான்றுகள் ஒன்றில் ஒத்துப்போகின்றன: துகிர் என்பது வேறோர் இடத்திலிருந்து துறைமுகத்துக்கு வந்துசேரும் சரக்கு.

மேற்கிலிருந்து வந்தது கோரல்லியம் ரூப்ரம் எனப்படும் செம்பவளம். மத்தியதரைக் கடலிலும் அதையொட்டிய அட்லாண்டிக் பகுதியிலும், வெளிச்சம் குறைந்த குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் அது வளர்கிறது. மன்னார் வளைகுடாவில் அது இல்லை. முசிறியில் இறங்கிய சரக்குகள் கருவூருக்கும் கொடுமணலுக்கும் போன பெருவழி பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்றது. ஆனைக்கரை என்ற பெயரில் பாலக்காட்டிலும் ஓர் ஊர் உண்டு, இடுக்கியிலும் ஓர் ஊர் உண்டு. இரண்டும் கடற்கரை ஊர்கள் அல்ல. இவ்விரண்டைப் போன்ற உள்நாட்டு ஊர்களின் மக்கள் பவளத்தை அறிந்தது கடலில் அன்று, கழுத்தணியில். அவர்களுக்குப் பவளம் என்றால் சிவப்பு. அது மங்காத சிவப்பு.

மங்காததற்குக் காரணம் உண்டு. செம்பவளத்தின் நிறமி அதன் சுண்ணச் சட்டகத்திலேயே கலந்திருக்கிறது. உயிர் போன பிறகும், அறுத்து மெருகிட்ட பிறகும் நிறம் நிற்கிறது. பாறை கட்டும் பவளத்தின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதன் சட்டகம் வெண்மையானது. நிறம் முழுவதும் அதன்மேல் போர்த்திய மெல்லிய சதையில் இருக்கிறது. சதை அழிந்தால் நிறமும் அழிந்து, எஞ்சுவது வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரே பெயர் கொண்ட இவ்விரண்டுக்கும் இடையிலான இந்த வேறுபாடுதான் இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை.

2. சொற்கள் கண்டதும் காணாததும்

பவளம் என்ற சொல் வடமொழிப் பிரவாளத்திலிருந்து வந்தது. வடமொழியில் அச்சொல்லுக்கு இளந்தளிர் என்ற பொருளும் உண்டு. சிவந்த தளிரும் சிவந்த மணியும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது நிறமே இப்பெயரின் உயிர் என்பதைக் காட்டுகிறது. கேரளத்தின் மணிப்பிரவாள இலக்கணமான 'லீலாதிலகம்' 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது மணி என்பதை மாணிக்கமாகக் கொள்கிறது. மாணிக்கமும் பவளமும் சிவப்பு. ஆகவே ஒரே சரட்டில் கோத்தால் வேற்றுமை தெரியாது. நாட்டுமொழியும் வடமொழியும் அப்படிக் கலக்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. மணியை முத்தாகக் கொண்டு விளக்குவோரும் உண்டு. எவ்வாறாயினும், ஒரு மொழிநடைக்கே பெயர் தரும் அளவுக்குப் பவளத்தின் நிறம் நம் சிந்தனையில் ஆழ்ந்திருந்தது.

இனி உயிருள்ள பாறைக்கான பெயர்களைப் பார்க்கலாம். இன்றைய தமிழ் நூல் வழக்கு அதைப் பவளப்பாறை என்கிறது. ஈழத்துத் தமிழில் முருகைக்கல், முருகைக் கற்பாறை என்பன வழங்குகின்றன. மன்னார் வளைகுடாவின் கடலோர வழக்கில் பார் என்ற சொல் உண்டு. முத்துச்சிப்பி விளையும் திட்டுகளையும் முத்துப்பார் என்றே சொல்வார்கள். இம்மூன்றும் கல், பாறை, திட்டு என்ற பொருளையே தாங்கி நிற்கின்றன. மலையாளம் மட்டும் வேறு வழியில் சென்றுள்ளது. அதில் இதற்குப் பெயர் பவிழப்புற்று. புற்று என்பது கரையான் கட்டுவது. சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு என்ற உணர்வு அச்சொல்லில் இருக்கிறது. இரு மொழியும் புழங்கும் மலையோரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படும்.

பெயர் ஒரு சமூகத்தின் செயலை முழுவதும் தீர்மானிப்பதில்லை என்பதை மொழியியல் மாணவர் அறிவர். புற்று என்று அழைத்ததால் மட்டும் ஒரு பாறை காப்பாற்றப்பட்டுவிடாது. ஆயினும் கல் என்று அழைக்கப்பட்டது கல்லுக்குரிய விதியை அடைந்தது என்பது தென்கடற்கரையின் வரலாறு.

3. காளவாய்

தூத்துக்குடி முதல் மண்டபம் வரையிலான கரையில் பவளக்கல் பல தலைமுறைகளாக வெட்டியெடுக்கப்பட்டது. கட்டடத்துக்கும் சாலைக்கும் அது கல்லாகப் போனது. பெரும்பகுதி சுண்ணாம்புக்காகக் காளவாய்க்குப் போனது. தொழிற்சாலைகளும் அதை வாங்கின. வேதியியல் எளிமையானது. பவளச் சட்டகம் கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் கரியமில வாயு வெளியேறி அது சுட்ட சுண்ணாம்பாகிறது. அதில் நீர் ஊற்றி நீற்றினால் சுவருக்கும் வெற்றிலைக்கும் உரிய சுண்ணாம்பு கிடைக்கிறது. நூறு என்று தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொல் இந்தப் பொடியையே குறிக்கும்.

இதே கரையை அறிவியலும் வெகுகாலமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். பின்னர் எஃப். எச். கிரேவ்லி காலத்தில், 1927இல், குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய தொகுப்பை அருங்காட்சியகம் வெளியிட்டது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபத்தில் இயங்கியது. அங்கே சி. எஸ். கோபிநாத பிள்ளை இந்தியப் பவளங்களின் வகைப்பாட்டுக்கு அடித்தளம் இட்டார்.

இந்த வகைப்பாட்டு மரபில் நிறத்துக்கு இடம் மிகக் குறைவு. பவள இனத்தைப் பிரித்தறிவது சட்டகத்தின் நுண்குழிகளையும் தட்டிகளையும் கொண்டுதான். சதையை நீக்கி, வெளுத்து, உலர்த்திய பிறகே மாதிரி பேழைக்குள் செல்லும். அருங்காட்சியகத்தில் நாம் காணும் பவளம் வெள்ளையாக இருப்பது இதனால்தான். ஆய்வாளருக்கு இது தவிர்க்க முடியாத முறை. ஆனால் பார்வையாளர் மனத்தில் பவளம் வெண்கல்லாகவே பதிந்தது.

1969 ஜனவரியில் இந்தியக் கடல் உயிரியல் கழகம் மண்டபம் முகாமில் பவளங்களும் பவளப்பாறைகளும் பற்றிய கருத்தரங்கை நடத்தியது. இன்று உலகெங்கும் சுற்றி நடக்கும் அனைத்துலகப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் அதுவே முதலாவதாக எண்ணப்படுகிறது. அதன் தொகுப்பு 1972இல் வெளிவந்தது. மன்னார் வளைகுடா, பாக்கு விரிகுடா பாறைகளின் பரவலையும் அவை வெட்டிப் பயன்படுத்தப்படுவதையும் பற்றி எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் எழுதிய கட்டுரை அத்தொகுப்பில் உள்ளது. உலகப் பவள ஆய்வாளர் கூடிய கடலோரத்திலேயே கல்லெடுப்பும் நடந்துகொண்டிருந்தது என்பதை அக்கட்டுரை நமக்கு நினைவூட்டுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கு அடியில் உள்ளன. கரையை அலையிலிருந்து காத்த பாறை வெட்டப்பட்டதும் அதற்கான காரணங்களில் ஒன்றாகக் கூறப்படுகிறது.

4. தொட்டியின் தொடக்கம்

பவளத்தைக் கடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருக்க முயன்றவர்களில் ஆனா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முன்னோடி. 1846இல் அவர் இங்கிலாந்தின் டார்க்கிக் கரையிலிருந்து சில கல்பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீரில் காற்று கலக்க வேண்டும் என்பதற்காக அதை ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. வீட்டுப் பணிப்பெண்ணின் கைகளே அன்று காற்றுக்குழாய். அடுத்த ஆண்டு கடற்பாசியையும் சேர்த்து வளர்த்தபோது அந்த உழைப்பு குறைந்தது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறந்தது. 1854இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் மீன்தொட்டியை வீட்டுப் பொருளாக்கியது.

சென்னையிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. தர்ஸ்டனின் முயற்சியில் உருவான கடல்மீன் காட்சியகம் 1909இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் முயற்சிகளில் அது ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. மக்கள் அங்கே காணச் சென்றது நீந்தும் மீன்களை. பவளத்தைக் காண விரும்பியவர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் உலர்ந்த மாதிரியைத்தான் பார்க்க முடிந்தது. உயிருள்ள கல்பவளத்தைத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வளர்ப்பதற்கு அதன் நிறம் எங்கிருந்து வருகிறது என்ற அறிவு முதலில் தேவைப்பட்டது.

5. நிறம் இருக்கும் இடம்

1881இல் கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் பவளம் முதலிய விலங்குகளின் உடலுக்குள் வாழும் மஞ்சட்பழுப்புப் பாசிகளுக்குச் சூசாந்தெல்லா என்று பெயரிட்டார். பவளச் சதையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் இப்பாசிகள் பத்து இலட்சம் அளவில் இருக்கக்கூடும். அவை ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்கிப் பவளத்துக்குத் தருகின்றன. பவளம் தன் கழிவுச் சத்துகளையும் இருப்பிடத்தையும் தருகிறது. 1928-29இல் மாரிஸ் யங் தலைமையில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைக்குச் சென்ற குழு ஓராண்டு தங்கி இந்த உறவை ஆராய்ந்தது. வெப்பத்தில் துன்புறும் பவளம் தன் பாசிகளை வெளியேற்றுவதையும் அக்குழு கண்டது. நாம் இன்று பவள வெளிறல் என்பது இதைத்தான்.

பாசியின் நிறம் பழுப்பு. ஆகவே நலமான பாறைப் பவளத்தின் அடிப்படை நிறமும் பழுப்பு, காவி, பசும்பழுப்பு. மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பார்ப்பவர் காணும் நலமான பாறையும் பெரும்பாலும் இந்நிறங்களில்தான் இருக்கிறது. ஊதா, நீலம், மின்பச்சை ஆகியவை பவள விலங்கு தானே செய்துகொள்ளும் வேறு நிறமிகள். ஜப்பானியர் பலாவுத் தீவில் நடத்திய ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய சிரோ கவாகுத்தி 1944இல் பவளத்தின் ஒளிரும் பச்சை நிறமியைப் பற்றி எழுதினார். ஆழமற்ற நீரின் கடும் வெயிலில் இந்நிறமிகள் பாசிக்கு நிழற்குடையாகின்றன.

ஆக, பாறைப் பவளத்தில் இரண்டு நிறப்படலங்கள் உள்ளன. ஒன்று குடியிருக்கும் பாசியின் பழுப்பு. மற்றொன்று விலங்கின் சொந்த நிறமி. பாசி மிகுந்தால் நிறமி மறைகிறது. பாசி குறைந்தால் நிறமி வெளிப்படுகிறது. இரண்டும் இல்லையென்றால் சட்டகத்தின் வெண்மை தெரிகிறது. வீட்டுத் தொட்டியில் நிறம் மாறுவதன் இலக்கணம் இவ்வளவுதான்.

6. சுண்ணாம்பு நீர்

இந்த அறிவைத் தொட்டிக்குள் கொண்டுவந்ததில் ஆசியருக்கும் பங்கு உண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் தம் முறையைப் பற்றி எழுதினார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் படிந்த பாறைத் துண்டுகளையும் சிறு காற்றோட்டத்தையும் மட்டும் நம்பிய தொட்டி அது. பாறையில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மையாக்கின. அடுத்த பெரிய நகர்வு ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நிகழ்ந்தது. உயிருள்ள பாறை, கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி, வலிய விளக்கு ஆகிய மூன்றையும் கொண்ட முறை பின்னர் பெர்லின் முறை என்று பெயர் பெற்றது.

பீட்டர் வில்கன்ஸ் 1970களில் பரப்பிய ஓர் உத்தி நம் கதையோடு நேரடியாகத் தொடர்புடையது. கல்பவளம் வளர வளர நீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சிக்கொள்கிறது. கடலில் அது தீராது. சிறு தொட்டியில் சில நாள்களில் குறைந்துவிடும். அதை ஈடுசெய்ய அவர் பரிந்துரைத்தது தெளிந்த சுண்ணாம்பு நீர். நீற்றிய சுண்ணாம்பை நன்னீரில் கலக்கித் தெளியவைத்து, தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காரம் கடுமையானது என்பதால் வேகமாக விடக்கூடாது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று நீரின் காரநிலை தாழும் என்பதால் இரவில் விடுவது சிறப்பு.

தூத்துக்குடிக் கரையில் பவளம் காளவாயில் வெந்து சுண்ணாம்பாகிய அதே பத்தாண்டுகளில், கடலிலிருந்து தொலைவான ஐரோப்பிய நகர வீடுகளில் சுண்ணாம்பு நீர் பவளமாகிக்கொண்டிருந்தது. வேதியியல் ஒன்றே, திசைதான் வேறு. அங்கே கல்லாக மட்டும் பார்க்காமல் வளரும் உயிராகப் பார்த்தார்கள் என்பதை அந்தச் சொட்டு நீர் காட்டுகிறது. ஐரோப்பியத் தொட்டிகளை உயர்த்திப் பேசுவது என் நோக்கமன்று. அத்தொட்டிகளுக்கான முதற்பவளங்கள் இந்தோனேசியா போன்ற வெப்பக்கடல் நாடுகளின் பாறைகளிலிருந்தே போயின.

7. தொட்டி தந்த சிவப்பு

கண்ணாடித் தொட்டி அறிவியலுக்குத் திருப்பித் தந்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். ஒரு ஜெல்லிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம் உயிரணுக்களின் உள்நிகழ்வுகளைக் காணும் கருவியாக வளர்ந்தது. பச்சை கிடைத்தது, சிவப்பு கிடைக்கவில்லை. மாஸ்கோ ஆய்வாளர்கள் சிலர், தானே ஒளி உமிழாத பவளங்களின் நிறமும் இத்தகைய புரதமாக இருக்கலாம் என்று ஐயுற்றார்கள். கடலுக்குப் பல நூறு கல் தொலைவிலுள்ள அந்நகரின் மீன்தொட்டிகளில் வளர்ந்த பவள வகை உயிர்களிலிருந்தே அவர்கள் மாதிரி எடுத்தார்கள். மிகைல் மாட்ஸ், யூலி லாபாஸ், செர்கேய் லுக்யானோவ் முதலியோர் 1999இல் வெளியிட்ட அக்கட்டுரையால் சிவப்பு ஒளிர்புரதம் உலகுக்குக் கிடைத்தது. பச்சைப் புரதத்துக்காக 2008இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ராஜர் சியென் அச்சிவப்பிலிருந்து பல நிறப் புரதங்களை உருவாக்கினார்.

செம்பவளத்தின் சிவப்பு இறந்த பின்னும் நிற்கும் சிவப்பு. இது உயிரணு புரதத்தை ஆக்கும்போது மட்டும் தோன்றும் சிவப்பு. பவளம் என்ற பெயரின்கீழ் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் மனிதர் தேடிய இரு சிவப்புகளின் வேறுபாடு இதுதான்.

8. நிறத்தைக் கூட்டுவது என்றால் என்ன?

இப்போது தொடக்கத்தில் உள்ள கேள்விக்கு விடை சொல்லலாம். பழுப்பாகும் பவளம் பெரும்பாலும் நோயுற்ற பவளம் அன்று. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தோ ஒளி குறைந்தோ பாசி பெருகியிருக்கிறது. மீனுக்கு இடும் உணவைக் குறைத்து, கழிவை நீக்கி, ஒளியைப் படிப்படியாகக் கூட்டினால் நிறமி வெளிப்படும். நீல அலைநீள ஒளி இந்நிறமிகள் உருவாவதைத் தூண்டும். உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 24 முதல் 27 பாகை, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 7 முதல் 9 ஜெர்மன் பாகை என்ற அளவுகளில் நீர் மாறாமல் நிற்க வேண்டும். மலைப்பகுதியின் மென்னீரில் சுண்ணச்சத்து குறைவு. ஆகவே அங்கே தொட்டி வைப்பவர் அனைத்தையும் உப்புக் கலவையிலிருந்தும் சுண்ணாம்பு நீரிலிருந்துமே பெற வேண்டும். எண்ணைவிட நிலைத்தன்மை முதன்மையானது.

ஆனால் நிறத்துக்காகச் சத்தைப் பட்டினி நிலைக்குக் குறைப்பது ஆபத்து. சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் தொட்டிகளில் வளர்த்த பவளங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் அற்றுப்போனால் பவளம் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் இரையாகி வெளிறும் என்று 2013இல் காட்டினார்கள். 2020இல் அவர்கள் விளக்கியது இன்னும் முதன்மையானது. வெளிறும் பாறைகள் சிலவேளை வெண்மையாகாமல் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் மஞ்சளும் நீலமுமாக ஒளிர்வதுண்டு. பாசி போனபின் வெண்சட்டகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி சதைக்குள் மிகுகிறது. அதைத் தடுக்கப் பவளம் அவசரமாக நிறமியைப் பெருக்குகிறது. பாசி திரும்பி வருவதற்கான நிழலைத் தேடும் முயற்சி அது.

இதைப் படித்த பிறகு, மிக ஒளிரும் பவளத்தின் படத்தைப் பார்த்து அழகு என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை. அது நலமாகவும் இருக்கலாம், உதவி கேட்பதாகவும் இருக்கலாம். பழுப்பு அழகில்லை என்று தோன்றுவதும், ஒளிர்வதே உயர்ந்தது என்று தோன்றுவதும் நகைக்கடையிலிருந்து நாம் கொண்டுவந்த அளவுகோல்கள். பாறைப் பவளத்தின் நிறத்தை விலையாக மதிப்பதை விடுத்து, குறியாகப் படிக்க வேண்டும்.

9. நம் கரையில்

இந்தியச் சட்டம் இக்கேள்விக்குத் தன் விடையை 2001 ஜூலையில் தந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழற்பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கு உரிய அட்டவணை அது. கல் என்று எண்ணப்பட்டது சட்டத்தின் முன் விலங்காயிற்று. மன்னார் வளைகுடாவில் கல்லெடுப்பு 2005 வாக்கில் ஓய்ந்தது. நம் கடலிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வீட்டுத் தொட்டியில் வைப்பது இன்று குற்றம். ஆகவே 'நிறத்தை எப்படிக் கூட்டுவது?' என்பதற்கு முன் 'இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி இந்நாட்டில் கேட்கப்பட வேண்டும். அதற்கு நேரான விடை கிடைக்காத தொட்டியில் மீனும் பாசியும் செயற்கைப் பாறையும் போதும்.

தொட்டிகளில் கற்ற அறிவு வீணாகவில்லை. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் கட்டி மீளவளர்த்து வருகிறது. அவ்வளைகுடாவில் 117 கல்பவள இனங்கள் இருப்பதையும் அதன் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். துண்டாக்கி நட்டு வளர்ப்பது, ஒளியையும் நீரோட்டத்தையும் பார்த்து இடம் தேர்வது, நிறத்தைக் கொண்டு நலத்தை அறிவது ஆகியவை தொட்டி வளர்ப்போரும் கடலில் மீட்போரும் பகிர்ந்துகொள்ளும் கைப்பழக்கங்கள். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடை வெப்பத்தில் அப்பாறைகள் வெளிறின. வருங்கால வெளிறலை முதலில் காணப்போகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள் அல்லர். நாள்தோறும் கடலில் இறங்கும் மீனவரும் சங்கு குளிப்போரும் பாசி சேகரிக்கும் பெண்களுமே.

மொழியியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு பணி இருக்கிறது. உயிருள்ள பாரின் நிறம், செத்த பாரின் நிறம், வெளிறத் தொடங்கிய பாரின் நிறம் ஆகியவற்றுக்கு இம்மக்கள் வழங்கும் சொற்களைப் பாம்பனிலும் கீழக்கரையிலும் வேம்பாரிலும் இருந்து சேகரிக்க வேண்டும். நூல் வழக்கில் நமக்கு வெளிறல் என்ற ஒரு சொல் மட்டுமே உண்டு. கடலோர வழக்கில் அதற்கு மேலும் நுட்பமான சொற்கள் இருந்தால் அவை அகராதிக்கும் உதவும், பாறைகளைக் கண்காணிப்போருக்கும் உதவும். அக்கரைகளில் பிறந்து வளர்ந்து இன்று ஆய்வு மாணவராக இருப்பவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால், அச்சொற்களை ஒரு பட்டியலாகத் தொகுக்கும் வேலையை நான் ஏற்கிறேன்.